வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு: கட்டும் முறையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் நடைப்பயிற்சி பற்றி எழுதுகிறவர்கள், "ஸ்மார்ட் வாட்சில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே நடங்கள்" என்று இப்போதெல்லாம் தவறாமல் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த எண் எப்போது நம்பத் தகுந்தது, எப்போது இல்லை என்று யாரும் எழுதுவதில்லை. மெதுவாக ஓடும்போது 165 என்று பார்த்துப் பயந்து ஈ.சி.ஜி. எடுக்க வருகிறவர்கள் உண்டு. நெஞ்சு படபடக்கும்போது வாட்சில் 72 இருந்ததால் நாள் கடத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஈ.சி.ஜி. எடுக்கும் தொழில்நுட்பர்களான எங்களுக்கு இரண்டாம் வகையினரை நினைத்தால்தான் கவலை. பெரும்பாலான தவறான எண்களுக்குக் காரணம் கருவியின் பழுது இல்லை. கட்டிய இடம், பட்டையின் இறுக்கம், அந்த நேரத்தில் கை செய்துகொண்டிருந்த வேலை ஆகிய மூன்றும்தான்.

மணிக்கட்டு சென்சார் இதயத்தைப் பார்ப்பதே இல்லை. வாட்சின் அடியில் உள்ள பச்சை எல்.இ.டி. விளக்குகள் நொடிக்குப் பலமுறை தோலுக்குள் ஒளி பாய்ச்சுகின்றன. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி நுண்குழாய்களுக்கு ரத்தம் கூடுதலாக வரும்போது திரும்பும் ஒளி சற்றுக் குறைகிறது, அடுத்த கணம் கூடுகிறது. பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. ஒளியால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் இந்த முறையை 1930களின் இறுதியிலேயே அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது அளவைத்தான். திரும்பி வரும் ஒளியில் துடிப்பால் ஏறி இறங்கும் பங்கு மிகச் சிறியது, பெரும்பாலும் ஓரிரு சதவீதத்துக்குள். மீதி முழுவதும் தோல், கொழுப்பு, தசைநார், எலும்பு ஆகியவற்றிலிருந்து மாறாமல் வரும் ஒளி. வாட்ச் தோலின் மேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே துடிப்பால் வருவதைவிடப் பெரிய மாற்றம் உண்டாகிவிடும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், விரல் நுனியில் ரத்த ஓட்டம் அதிகம், கவ்வியும் நகராது. மணிக்கட்டின் வெளிப்புறத்தில் அந்த இரண்டு வசதியும் இல்லை.

எனவே முதல் வேலை, வாட்சை மேலே ஏற்றுவது. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டின் மீதோ அதற்குக் கீழே உள்ளங்கையை ஒட்டியோதான் பலர் கட்டுகிறார்கள். நேரம் பார்க்க அந்த இடம் போதும், துடிப்பு பார்க்கப் போதாது. எலும்பின் மீது வாட்சின் அடிக் கண்ணாடி சமமாக உட்காராது, கை மடங்கும்போதெல்லாம் ஒரு பக்கம் தூக்கும். எலும்பு மேட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலமாவது மேலே வர வேண்டும். உடற்பயிற்சியின்போது இரண்டு விரல் அகலம் நல்லது. சைக்கிள், தண்டால் போல மணிக்கட்டு பின்னால் மடங்கும் பயிற்சி என்றால் மூன்று விரல்கூட ஏற்றலாம். கை மெலிந்தவர்களுக்குத் தசைநார்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தின் மேல் சென்சார் பாலம் போல நின்றுவிடும். அவர்கள் சற்று மேலே, சதைப்பற்று தொடங்கும் இடத்தில் கட்டினால் எண் உடனே நிலைப்படும்.

அடுத்தது இறுக்கம். கையை உதறிப் பாருங்கள். வாட்ச் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும், தோலின் மேல் வழுக்கக் கூடாது. இருட்டில் பக்கவாட்டில் பச்சை வெளிச்சம் கசிந்தால் பட்டை தளர்வு என்று அர்த்தம். உள்ளிருந்து ஒளி கசியும் அதே இடைவெளி வழியாகத்தான் வெயில் உள்ளே போகும். நிழலிலிருந்து வெயிலுக்கு ஓடும்போது எண் திடீரென்று குதிப்பதற்கு இது ஒரு காரணம். அதற்காகக் கை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. அதிக அழுத்தம் தோலடி ரத்த ஓட்டத்தையே நசுக்கிவிடும், சென்சாருக்கு எண்ண ஒன்றும் மிஞ்சாது. கழற்றிய பிறகு விழும் தடம் சில நிமிடங்களில் மறைய வேண்டும். விரல் வீங்கினாலோ மரத்தாலோ ஒரு துளை தளர்த்துங்கள். பயிற்சிக்கு முன் ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் தளர்த்துவது நல்ல பழக்கம்.

துளை வைத்த பட்டையில் ஒரு துளை தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் இருப்பவர்கள், வெல்க்ரோ ஒட்டுப்பட்டையோ நீளும் நைலான் பட்டையோ வாங்கினால் அந்தத் தொல்லை தீரும். உலோகச் சங்கிலிப் பட்டை பயிற்சிக்கு உதவாது. கனத்தாலேயே ஆடிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. கோயிலில் கட்டிய கயிறு, காப்பு, வளையல் இவற்றில் ஏதாவது வாட்சின் அடியில் சிக்கிக்கொண்டால் சென்சார் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கயிற்றை அவிழ்க்க மனமில்லாவிட்டால் வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள். எந்தக் கை என்பதை செட்டிங்ஸிலும் மாற்ற மறக்க வேண்டாம். கையில் தடவிய தேங்காய் எண்ணெய், சன் ஸ்கிரீன், காய்ந்த வியர்வையின் உப்பு இவை கண்ணாடி மேல் படலமாகப் படியும். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்திக் கட்டுங்கள். புது வாட்சின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பயன்படுத்துகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இனி, அதிகம் பேரைப் பயமுறுத்தும் தவறுக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வொரு காலடியும் தரையில் பதியும் அதிர்ச்சி கை வரைக்கும் வருகிறது. வாட்ச் அதிர்கிறது, கையில் உள்ள ரத்தமும் அலம்புகிறது. ஒளி உணரிக்கு இதுவும் சீரான ஒரு துடிப்புதான். வாட்சுக்குள் இருக்கும் அசைவு உணரி காலடியின் வேகத்தைத் தனியாக அளந்து, ஒளிக் கணக்கிலிருந்து அதைக் கழிக்கப் பார்க்கும். இதயத் துடிப்பின் அலை பலவீனமாகவும் காலடியின் அலை பலமாகவும் இருந்தால் கணக்கு தடம் மாறி, காலடி எண்ணிக்கையையே இதயத் துடிப்பாகப் பிடித்துக்கொள்ளும். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 150 முதல் 170 காலடி வரை விழுவது சாதாரணம். உண்மையான துடிப்பு 128 இருக்க, வாட்ச் 164 காட்டும். நடையில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியாது. சுறுசுறுப்பான நடைக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 காலடி. உண்மை 95, வாட்ச் 112 என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே எண் எகிறி, மூச்சு வாங்காத நிலையிலும் கோடு கிழித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கிறதா? செயலியில் காலடி வேக வரைபடத்தையும் துடிப்பு வரைபடத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு போனால் அது காலடிதான். ஓடும்போதே சோதிக்க வேண்டுமானால் சட்டென்று நின்றுவிடுங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். சில நொடிகளில் 164இலிருந்து 125க்கு விழுந்தால், 164 உங்கள் இதயத்தின் எண் அல்ல. இதயத்தில் கோளாறு உள்ள சிலருக்கு உண்மையான வேகத் துடிப்பும் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் என்பதால், தலைசுற்றலோ படபடப்போ சேர்ந்து இருந்தால் இந்தச் சோதனையை நம்பி விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காலடி பிடித்துக்கொண்டது உறுதியானால், நின்று, வாட்சை ஒரு விரல் மேலே ஏற்றி, இறுக்கி, கையை அசைக்காமல் அரை நிமிடம் வையுங்கள். எண் கீழே வந்து நிலைத்த பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். ஆரம்பத்திலேயே இதைத் தவிர்க்கவும் முடியும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே 'ஓட்டம்' அல்லது 'நடை' என்ற பயிற்சி முறையைப் போட்டுவிட்டு, எண் நிலைக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். சாதாரண நேரத்தில் பல வாட்சுகள் பேட்டரியை மிச்சப்படுத்த இடைவெளி விட்டுத்தான் அளக்கின்றன. பயிற்சி முறையில்தான் தொடர்ந்து அளக்கும். முதல் ஐந்து பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொண்டால் தோலுக்கு ரத்தம் வரும், அலை பலமாகும், காலடியோடு குழப்பம் குறையும். ஊட்டி, கொடைக்கானலில் காலைக் குளிரிலும், ஏ.சி. ஜிம்மிலும் தொடக்க நிமிடங்களில் எண் கோணல்மாணலாக வருவதற்குத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதே காரணம். மே மாத வெயிலில் அதே நடைக்கு எண் கூடுதலாக வந்தால் அது சென்சார் தவறு இல்லை. உடலைக் குளிர்விக்க இதயம் உண்மையிலேயே அதிகம் உழைக்கிறது.

கையை இறுகப் பிடிக்கும் எல்லாப் பயிற்சியும் மணிக்கட்டு சென்சாருக்குப் பகை. எடை தூக்கும்போது முன்கைத் தசைகள் இறுகி, தசைநார்கள் வாட்சின் அடியிலேயே நெளிகின்றன, ரத்த ஓட்டமும் தடைபடுகிறது. உண்மை 140 இருக்க வாட்ச் 95 காட்டுவது இங்கேதான். குண்டும் குழியுமான சாலையில் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போதும் இதே கதி. வேகமாக ஒரு நிமிடம், மெதுவாக ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சியில், வாட்ச் கடந்த பல நொடிகளின் சராசரியைக் காட்டுவதால், உச்சம் முடிந்த பிறகுதான் உச்ச எண் வந்து சேரும்.

தோல் நிறம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தோலுக்குக் கருமை தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும், ஆகவே கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகளில் இதயத் துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கருமையான தோலில் பிழை கூடுதல் என்றும் கண்டார்கள். 2020இல் வெளிவந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு, தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், ஓய்வில் இருப்பதைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்றும் சொன்னது. எங்கள் கருத்தில், நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அசைவைப் பற்றிக் கவலைப்படுவது பலன் தரும். பச்சை குத்திய இடம் வேறு விஷயம். அடர்த்தியான மை ஒளியை நேரடியாக மறைத்துவிடும். அந்தக் கையில் கட்ட வேண்டாம். (அதே 2017 ஆய்வில் கலோரிக் கணக்கு எந்தக் கருவியிலும் சரியாக வரவில்லை. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. வாட்ச் சொல்லும் கலோரியை நம்பி இன்னொரு வடை சாப்பிட வேண்டாம்.)

உங்கள் வாட்ச் உங்கள் கையில் எப்படி அளக்கிறது என்று பார்க்க ஐந்து காசு செலவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. வாட்ச் கட்டிய கையை கட்டைவிரல் மேலே இருக்கும்படி மடியிலோ மேசையிலோ வைத்துவிட்டு, மறு கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை அதே கையில் வாட்சுக்குக் கீழே, கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் மெதுவாக அழுத்துங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் துடிப்பே உங்களைக் குழப்பும். முள் கடிகாரத்தையோ போன் டைமரையோ பார்த்து, முதல் துடிப்பை 'பூஜ்யம்' என்று தொடங்கி 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முதல் துடிப்பை 'ஒன்று' என்று எண்ணினால் ஒன்று கூடிவிடும், பெருக்கியபின் இரண்டாகும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குகிறவர்களுக்கு அதே ஒரு பிழை ஆறாகிவிடும். துடிப்பு சீராக இல்லையென்றால் 60 நொடி முழுவதும் எண்ண வேண்டும். எண்ணும் நேரத்தின் நடுவிலும் கடைசியிலும் வாட்ச் காட்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள். அசையாமல் இருக்கும்போது வித்தியாசம் 5க்குள் இருந்தால் போதும். மருத்துவமனை மானிட்டர்களுக்கே 10 சதவீதம் அல்லது 5 துடிப்பு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அமெரிக்கத் தர விதி இடம் கொடுக்கிறது.

ஓடி நின்ற பிறகும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் நின்றவுடனே நாடியைப் பிடித்து 15 நொடிக்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் இதயம் இறங்கிவிட்டிருக்கும், வாட்சைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும், லேசாக. வயதானவர்கள் கழுத்தை அழுத்தவே வேண்டாம்.

பயிற்சியின்போது துல்லியம் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, உதாரணமாக மருத்துவர் "120ஐத் தாண்டக் கூடாது" என்று சொல்லியிருப்பவர்களுக்கு, எங்கள் பரிந்துரை மார்புப் பட்டை. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே கம்பியில்லா மார்புப் பட்டையை விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. அது ஒளியை நம்புவதில்லை. ஈ.சி.ஜி. போல இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையில் 50 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டபோது மார்புப் பட்டையின் ஒத்திசைவு 0.99 (1 என்றால் முழுப் பொருத்தம்). மணிக்கட்டுக் கருவிகள் நான்கும் 0.83 முதல் 0.91 வரைதான் வந்தன. பட்டையிலும் தவறு வரும். பட்டையின் உட்புறம் தோலில் படும் மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்காமல் கட்டினால் வியர்வை வரும்வரை எண் தாறுமாறாகக் குதிக்கும். மார்புத் தசைக்குக் கீழே, தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் கருவியைப் பட்டையிலிருந்து பிரித்துவிட்டுப் பட்டையை அலசிக் காயவையுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியே வைத்தால், நாம் இன்னும் கட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டு பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். மார்பில் கட்டப் பிடிக்காதவர்கள் முன்கை அல்லது மேற்கையில் கட்டும், ஒளியால் அளக்கும் பட்டையை வாங்கலாம். அங்கே சதை அதிகம், ஆட்டம் குறைவு.

கடைசியாக, கட்டும் முறையால் தீராத தவறு ஒன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு, இதயம் ரத்தம் சரியாக நிரம்பாமலே துடிக்கும் துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. ஈ.சி.ஜி.யில் 120 இருக்கும்போது கையில் 90தான் கிடைக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்று முன்கூட்டியே துடிக்கும் கோளாறில் இதயம் 80, மணிக்கட்டு 40 என்று பாதியாகக்கூட வரும். இங்கே வாட்ச் பொய் சொல்லவில்லை, கைக்கு வந்ததை எண்ணியிருக்கிறது. விரலால் பார்த்தாலும் அதே எண்தான் வரும். ஆகவே விரலும் வாட்சும் ஒத்துப்போவதால் மட்டும் இதயம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நாடி விட்டு விட்டு வந்தால், ஓய்வில் 100க்கு மேலோ 60க்குக் கீழோ அடிக்கடி நின்றால், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். (அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நெடுநாள் ஓட்டப் பயிற்சி உள்ளவர்களுக்கும் 50களில் இருப்பது இயல்பாக இருக்கலாம். அதையும் மருத்துவரே சொல்லட்டும்.) மறு கை விரலை வைத்து 30 நொடி ஈ.சி.ஜி. எடுக்கும் வாட்சுகள்கூட மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அவற்றைத் தயாரிப்பவர்களே அப்படித்தான் அறிவிக்கிறார்கள். நெஞ்சு வலி, இடது கை வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் வாட்சைப் பார்த்து நிமிடத்தை வீணாக்காமல் 108ஐ அழையுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் புது வாட்சுகளின் விமர்சனம் வரும்போது திரை, பேட்டரி, விலை ஆகியவற்றோடு இதயத் துடிப்பை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், உட்கார்ந்தபடியா ஓடியபடியா, எடை தூக்கும்போது என்ன ஆயிற்று என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'துல்லியமான சென்சார்' என்ற விளம்பர வரியை அப்படியே எடுத்துப் போடுவதைவிட, ஒரு மார்புப் பட்டையை வைத்து அரை மணி நேரம் ஓடிப் பார்த்துவிட்டு எழுதும் நான்கு வரி வாசகர்களுக்கு அதிகம் உதவும். முடிந்தால் மணிக்கட்டு எலும்பையும் வாட்ச் இருக்க வேண்டிய இடத்தையும் காட்டும் படம் ஒன்றையும் உடல்நலப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஈ.சி.ஜி. தொழில்நுட்பர்கள் இருவர்,
மதுரை.